கடைசி வண்டியின் கதவு

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், இருபது வருடத்துக்கு மேலாக நகர பஸ் ஓட்டுகிறேன். ஓடி வருகிறவர்களுக்காக நிற்காத சாரதி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயர் சரிதான். ஓடி வருகிற ஒருவருக்காக நின்றால், அடுத்த தரிப்பில் குளிரில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் பிந்தும். இந்த நியாயத்தைக் கதவுக்கு வெளியே நிற்கிற எவரும் கேட்கத் தயாராக இல்லை. ஜேர்மன், துருக்கி, அரபு, போலிஷ் என்று எல்லா மொழியிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். வடிவாகத் திட்டியவர்கள் எங்கள் தமிழ் ஆட்கள்தான்.

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு சைக்கிள் பந்தயத்தின் கடைசி வண்டியை ஓட்டக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவன் எங்கள் டிப்போவில் வேலை செய்கிற ஒரு ஜேர்மன்காரன். அவன் சைக்கிள் கழகம் ஒன்றில் இருக்கிறான். பெண்களுக்கான ஐந்து நாள் பந்தயம் நடத்துகிறார்களாம், ஆஹென் நகருக்குத் தெற்கே ஐஃபெல் மலைகளுக்குள். எல்லாரும் தொழில்முறை வீராங்கனைகள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடவேண்டும். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து வெற்றி யாருக்கென்று சொல்வார்கள். ஒரு நாள் கோட்டைத் தாண்டாதவள் மறுநாள் புறப்பட முடியாது, அவளுக்கு அத்தோடு பந்தயம் முடிந்தது.

"எல்லாருக்கும் பின்னால், ஆகக் கடைசியாக வருகிறவளுக்கும் பின்னால், ஒரு வண்டி போகவேண்டும்" என்றான். "ஏலாமல் போகிறவர்களை ஏற்றுகிற வண்டி. மணிக்கணக்காக மெதுவாக ஓட்டப் பொறுமை வேண்டும். உனக்கு அது இருக்கிறது."

என்னிடம் பொறுமை இருக்கிறது என்று அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. அதற்காகவே லீவு போட்டேன்.

அந்த வண்டிக்கு ஜேர்மனில் பெசன்வாகன் என்று பெயர், விளக்குமாற்று வண்டி. றோட்டில் மிஞ்சியவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவதால் அந்தப் பெயர். பெயரோடு விட்டார்களா என்றால் இல்லை, உண்மையான விளக்குமாறு ஒன்றையும் முன்பக்கத்தில் கட்டித் தந்தார்கள். நான் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"உங்களுக்கு விசரே? அந்தப் பிள்ளையள் ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுதுகள், நீங்கள் விளக்குமாத்தைக் கொண்டுபோய் முழிவியளத்துக்கு நிக்கப் போறியளோ?"

"இது அவையின்ர வழக்கமப்பா. எனக்கென்ன தெரியும்."

"வழக்கமோ என்னவோ, பின்னுக்குக் கட்டுங்கோ. அதுகளின்ர கண்ணில படவேண்டாம்."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. மனைவியின் கோபத்தில் நம்பிக்கை உண்டு. விளக்குமாற்றை அவிழ்த்து வண்டியின் பின்பக்கத்தில் கட்டினேன். ஒழுங்கமைப்பாளர் ஒருவர் வந்து பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று பயந்தேன். "நல்லது, பந்தயம் முடிந்துவிட்டதென்று பின்னால் வருகிற கார்க்காரருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாளும் அது அங்கேதான் இருந்தது.

வண்டி ஒன்பது பேர் இருக்கக்கூடிய ஒரு வான். பக்கவாட்டில் இழுபடுகிற கதவு. அதைச் சாரதியின் ஆசனத்திலிருந்தே பொத்தானை அமத்தித் திறக்கலாம், ஆனால் கைபிறேக் போட்டிருக்கவேண்டும். போடாமல் அமத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். வெளியிலிருந்து இழுத்தாலும் அசையாது. பஸ்ஸிலும் ஏறக்குறைய இதே முறைதான் என்பதால் எனக்குப் புதிதாக ஒன்றும் படிக்க இருக்கவில்லை.

எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒரு நடுவர் அம்மா இருந்தார். மற்ற நாட்களில் அவருக்கு வரித் திணைக்களத்தில் வேலை. அதை அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. கழுத்தில் ஒரு நிறுத்தற் கடிகாரம், மடியில் ஒரு சிறிய தகரப் பெட்டி. விலகுகிற வீராங்கனையின் முதுகிலிருந்து எண் துண்டைக் கழற்றுவது அவருடைய வேலை. கழற்றிய ஊசிகளைத் தகரப் பெட்டிக்குள் போடுவார். முதல் நாள் காலையிலேயே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார். யாரையும் நெருங்கிப் போகக்கூடாது. யாருக்கும் உற்சாகம் கொடுக்கக்கூடாது. "நாங்கள் அவர்களுடைய பயிற்சியாளரும் இல்லை, பெற்றோரும் இல்லை" என்றார். விலகுகிறேன் என்று வீராங்கனை தன் வாயால் சொல்லவேண்டும், அதன் பிறகுதான் எண் கழற்றப்படும்.

அன்று முழுவதும் நான் பந்தயத்தைப் பார்க்கவில்லை. பந்தயத்தைக் கேட்டேன். முன்னால் நடப்பதெல்லாம் வானொலிப் பெட்டியில் வந்தது. யாரோ தப்பி ஓடுகிறார்களாம், யாரோ துரத்துகிறார்களாம். என் கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது வாழைப்பழத் தோலும், வீசிய தண்ணீர்ப் போத்தல்களும், அவற்றைப் பொறுக்கச் சண்டை பிடிக்கிற பிள்ளைகளும்தான். நாங்கள் கடந்த உடனேயே மஞ்சள் அங்கி போட்டவர்கள் தடைகளை மடித்தார்கள், ஒரு கிழவர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு றோட்டைக் கடந்தார். சனம் கடைசியாகப் போகிறவளுக்கு முதலாவதாகப் போகிறவளைவிடப் பலமாகக் கை தட்டியது. பிறகு எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே யாராவது இருந்தால், பிரேத வண்டியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஏறுகிறவர்கள் ஒருவரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. பஸ்ஸிலும் சொல்வதில்லை, அது எனக்குப் பழக்கம். ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அழுவதில்லை.

முதல் நாள் பின்னேரம் எல்லாரும் தங்கியிருந்த ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் நின்று மனைவியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "விளக்குமாறு பின்னுக்குத்தான் கட்டியிருக்கு, கவலைப்படாதையும்" என்று நான் சொன்னதும், பக்கத்து மேசையில் சோற்றைக் குவித்து வைத்திருந்த ஒரு பிள்ளை சிரித்தாள். ஒல்லியான பிள்ளை, இருபது வயதிருக்கும். வெயில் பட்டுக் கழுத்துவரை ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே இன்னொரு நிறம். நான் போனை வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்களோ அந்தப் பெசன்வாகன் ஓடுறது?"

"ஓம். நீர் எங்கட பிள்ளையோ?"

"ஓம் அங்கிள். அப்பா அம்மா யாழ்ப்பாணம்." பிறகு சோற்றைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு நான் உங்களைக் காணக்கூடாது."

நியாயமான ஆசை. அந்த ஹோட்டலில் தங்கியிருந்த எல்லாருக்கும் இருந்த ஆசை அது, வாய்விட்டுச் சொன்னவள் இவள் ஒருத்திதான். எனக்கு ஏனோ பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் ஒரு பிழை விட்டேன். பஸ்காரன் மட்டுமே விடக்கூடிய பிழை. ஒரு டச்சுக்காரப் பெண் தனியாகப் பின்தங்கி வந்துகொண்டிருந்தாள். திடீரென்று ஓரத்தில் நிறுத்திக் காலை ஊன்றினாள். நானும் நிறுத்தினேன். கரையில் ஒருவர் நிற்கிறார், வண்டியை நிறுத்தியாயிற்று. இனி மூளைக்கு வேலை இல்லை, இத்தனை வருடமாகக் கையே எல்லாவற்றையும் செய்துவிடும். கைபிறேக்கைப் போட்டுப் பொத்தானை அமத்திவிட்டேன். கதவு மெல்ல வழுக்கித் திறந்தது.

அவள் சப்பாத்தின் பட்டியை இறுக்கத்தான் நின்றாள். திறந்த கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். டச்சு மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் அன்று அவள் சொன்னது முழுவதும் விளங்கியது. போத்தலில் இருந்த தண்ணீரைத் திறந்த கதவுக்குள் பீச்சி அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நடுவர் அம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இந்த வண்டியில் கதவு ஒரு கேள்வி" என்றார். "அவர்கள் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லக்கூடாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தரிப்பில் நிற்கிற எல்லாரும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமா? மழைக்கு ஒதுங்கியவர் இருப்பார், யாரையோ காத்திருப்பவர் இருப்பார். ஏறப்போகிறவர் கதவைப் பார்ப்பார். ஏறாதவர் றோட்டைப் பார்ப்பார். இருபது வருடத்தில் நான் படித்த படிப்பு அதுதான். அந்தப் பெண்ணின் கண் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து மலை. அன்றைக்குத்தான் நடுவர் அம்மா எனக்கு நேர எல்லையை விளங்கப்படுத்தினார். முதலாவதாக வருகிறவள் எடுத்த நேரத்தோடு அதில் ஒரு சிறு பங்கையும் கூட்டி வரம்பு வைப்பார்கள். அந்த வரம்புக்குள் கோட்டைத் தாண்டாவிட்டால், பிறகு தாண்டியும் பிரயோசனம் இல்லை. ஆகவே மலை ஏற ஏலாதவர்கள் தனித்தனியாகப் போராடாமல் ஒன்றாகச் சேர்ந்து, கணக்குப் பார்த்து, வரம்புக்குச் சற்று முன்னால் போய்ச் சேருகிற வேகத்தில் போவார்கள். வெவ்வேறு அணிக்காரிகள், காலையில் ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளியவர்கள், இப்போது ஒருத்தி முகத்தில் காற்றை வாங்க மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஒதுங்கிப் போவார்கள். இந்தக் கூட்டத்தைச் சைக்கிள்காரர்கள் பஸ் என்று சொல்வார்களாம்.

"பஸ்ஸோ?" என்று கேட்டேன்.

"பஸ்தான். சாரதிகூட இருப்பாள். வயதில் மூத்த ஒருத்தி வேகத்தைச் சொல்வாள். அந்த பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்தான் உங்களிடம் வருவார்கள்."

எங்கள் பிள்ளை மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அந்த பஸ்ஸின் கடைசிச் சீட்டில் போனாள். தூரத்து வளைவுகளில் அவளுடைய பச்சை மேற்சட்டையைக் கண்டேன். அவளுடைய அணியில் அவள் தண்ணீர் சுமப்பவள். அணியின் காருக்குப் பின்வாங்கி வருவாள், கை நீட்டிப் போத்தல்களை வாங்கி மேற்சட்டைக்குள் செருகுவாள், முதுகில் கூன் விழுந்ததுபோல ஆகிவிடும். அந்தக் கூனோடு திரும்ப மேலே ஏறி, அணியின் தலைவிக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பாள். கொடுத்து முடிய அவர்கள் போய்விடுவார்கள், இவள் பின்தங்குவாள். ஒரு நாளைக்குப் பலமுறை இப்படி நடந்தது.

நான்காம் நாள் பின்னேரம் ஹோட்டலுக்கு வெளியே படிக்கட்டில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். நான் வானைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஒரு நாள்தானே பிள்ளை" என்றேன்.

"நாளைக்குத்தான் அங்கிள் எல்லாம்." அப்போதுதான் சொன்னாள். அணி அவளைக் கோடை முடியும்மட்டும் பார்ப்போம் என்றுதான் எடுத்திருக்கிறது. ஐந்து நாள் பந்தயத்தை முடிக்கக்கூடியவளாக இருந்தால் அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம், இல்லாவிட்டால் இல்லை. அவளுடைய அப்பா அதற்குள் ஒரு கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங்குக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி செய்கிற தொழிற்பயிற்சி. அது தொடங்கியே விட்டது. கடைக்காரர் நல்ல மனிதர், இந்தப் பந்தயம் முடிந்த அடுத்த திங்கள்வரை பொறுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

"முடிக்காட்டி திங்கக்கிழமை கடைக்கு வாறன் எண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன். அவர் ரெண்டு வருசம் பொறுத்திட்டார். பாவம்."

"அப்பா சொல்லுறதும் சரிதானே" என்றேன். "நல்ல அவுஸ்பில்டுங் கிடைக்கிறது லேசில்லை. சைக்கிள் எத்தினை வயசுமட்டும் ஓடலாம்?"

அவள் காலை மடக்கிக்கொண்டு எழும்பினாள். "நீங்களும் அப்பா மாதிரியே கதைக்கிறியள்."

போய்விட்டாள். நான் சொன்னது எனக்கு அப்போதும் சரியாகத்தான் பட்டது, இப்போதும் பிழையென்று படவில்லை. எனக்கும் ஒரு மகள் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் நாள் காலையிலிருந்தே மழை. ஐஃபெலில் கோடை கடைசியில் பெய்கிற மழை, சத்தமில்லாமல் நாள் முழுக்க நனைக்கும். கடைசி மலைக்கு முன்னால் எங்கள் பிள்ளை வழமைபோலத் தண்ணீர் எடுக்கப் பின்வாங்கினாள். அந்த நேரம் பார்த்து முன்னால் யாரோ திடீரென்று பாய்ந்து ஓட, கூட்டம் முழுவதும் வேகம் எடுத்துவிட்டது என்று வானொலி சொன்னது. முதுகில் கூனோடு அவள் துரத்தினாள். போத்தல்களை எப்படியோ கொடுத்து முடித்துவிட்டாள் என்பது பிறகு அவளைக் கண்டபோது தெரிந்தது, முதுகு தட்டையாக இருந்தது. ஆனால் அவளுக்கு பஸ் தவறிவிட்டது. பின்தங்கியவர்களின் கூட்டம் அவளை விட்டுவிட்டு வளைவுக்கு மேலே போய் மறைந்தது. அவளுக்குப் பின்னால் இனி ஒருவரும் இல்லை, நான்தான்.

நாங்கள் மெதுவாக ஏறினோம். தண்ணீர் துடைக்கிற தடிகள் கண்ணாடியில் போய்வர அவளுடைய முதுகு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. எண் துண்டின் ஒரு மூலை ஊசி கழன்று படபடத்தது. நெருங்கவேண்டாம் என்று நடுவர் அம்மா சொல்லவில்லை, நானே தள்ளித்தான் போனேன். என் வண்டியின் இயந்திரச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன்.

மலையின் பாதிக்கு மேல் ஏறியபின், காட்டுக்குள் ஒரு வளைவில், அவள் நின்றாள். ஓரமாகக் காலை ஊன்றிக் கைபிடியின் மேல் தலையைக் கவிழ்த்தாள். நானும் நிறுத்தினேன். இந்த முறை கை பொத்தானுக்குப் போகவில்லை. பிறகு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வானுக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியில் தட்டினாள். நடுவர் அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். அவரைத் தாண்டி, என்னைப் பார்த்து, தமிழில் சொன்னாள்:

"அங்கிள், கதவைத் திறவுங்கோ."

கேட்டுவிட்டாள். இனிச் சட்டப்படி திறக்கத்தான் வேண்டும். பொத்தானை அமத்தினேன். 'டக்' என்றது, திறக்கவில்லை. கைபிறேக் போட மறந்து காலால் பிறேக்கை மிதித்தபடி இருந்திருக்கிறேன். கையை எடுத்துக் கைபிறேக்கை இழுக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. கை அங்கே போனது. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். மழையும் சளியும் ஒன்றாக வடிகிற முகம், உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் கண் கதவில் இல்லை. 'டக்' என்ற சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை. அவள் மேலே, வளைந்து போகிற றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைத் திருப்பி எடுத்துவிட்டேன்.

"திறக்குதில்லை" என்றேன்.

"என்னண்டு திறக்காது? நேற்று எத்தினை பேரை ஏத்தினனீங்கள்?"

"இண்டைக்குத் திறக்குதில்லை."

"ஏலாது அங்கிள். கால் செத்துப்போச்சு. உண்மையா ஏலாது."

"ஏலாதெண்டா நில்லும். எவ்வளவு நேரமெண்டாலும் நான் பின்னால நிக்கிறன். கதவு திறக்குதில்லை."

அவளுக்கு விளங்கிவிட்டது. கதவுப் பிடியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் கதவில் அடித்தாள். "நீங்களெல்லாம் ஒரு மனிசனே? உங்களுக்கு விசர்! நாசமாப் போவியள்!" மிச்சத்தை ஜேர்மனில் சொன்னாள், அது எழுதுகிற மாதிரி இல்லை. சைக்கிளைத் திருப்பி, காலைப் போட்டு, நின்றபடியே மிதித்தாள். கோபத்தில்தான் மிதித்தாள். முதல் சில மிதியில் சைக்கிள் இடமும் வலமும் ஆடியது, பிறகு நேரானது.

நான் செய்தது சரியென்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றவில்லை. பயம்தான் இருந்தது. உண்மையிலேயே ஏலாமல் விழுந்தால்? தலை அடிபட்டால்? அந்தத் தாய் தகப்பனுக்கு நான் என்ன சொல்வேன், கதவு திறக்கவில்லை என்றா?

நடுவர் அம்மா கண்ணாடியை ஏற்றினார். "கதவுக்கு என்ன?"

"சில நேரம் இறுகுகிறது" என்றேன்.

அவர் குனிந்து கைபிறேக்கைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்ததுபோல எனக்கு இருந்தது. வரித் திணைக்களத்தில் அவருக்கு முன்னால் இருந்து பொய் சொல்கிறவர்களின் நிலை எனக்கு நன்றாக விளங்கியது. பிறகு மடியில் இருந்த தகரப் பெட்டியை மூடிக் காலடியில் வைத்தார்.

"விலகுவதாக அவள் என்னிடம் சொல்லவில்லை" என்றார். "அவள் பேசிய மொழி எனக்குத் தெரியாது. வண்டியை எடுங்கள், இடைவெளி கூடுகிறது."

உச்சியில் சனம் கொஞ்சம் மிஞ்சி இருந்தது. மழை அங்கியோடு கதிரைகளை மடித்துக்கொண்டு நின்றவர்கள், அவளைக் கண்டதும் மடித்த கதிரைகளையே தட்டிச் சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகு இறக்கம். நனைந்த றோட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வளைவு. பாரமான வானோடு நான் பிறேக் பிடித்துப் பிடித்து இறங்கவேண்டியிருந்தது. அவள் தலையைக் கைபிடிக்குள் புதைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு வளைவுவரை தெரிந்தாள். மூன்றாவதில் ஆளைக் காணவில்லை.

அந்த இறக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்துக்குள் ஒரு பச்சை மேற்சட்டை கிடக்குமோ என்று பார்த்துப் பார்த்து இறங்கினேன். இருபது வருடம் பஸ் ஓட்டியதில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோயிலில் நேராத நேர்த்தியெல்லாம் அந்த வளைவுகளில் நேர்ந்தேன். வளைவுகள் முடிந்து, தட்டையான வயல்வெளி வந்து, ஊரின் தேவாலயக் கோபுரம் தெரியும்வரை அவள் தென்படவே இல்லை. பள்ளத்துக்குள்ளும் இல்லை, றோட்டிலும் இல்லை.

நாங்கள் முடிவுக் கோட்டுக்குப் போனபோது அலங்கார வளைவு இன்னும் நின்றது. நடுவர் அம்மா இறங்கி மற்ற நடுவர்களின் கூடாரத்துக்குப் போனார். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. துடைக்கிற தடிகளை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அவர் திரும்பி வந்து, ஈர அங்கியைக் கழற்றி மடித்து, ஆசனத்தில் வைத்து, அதன் பிறகுதான் சொன்னார்.

"இருக்கிறாள். ஆகக் கடைசி. ஆனால் வரம்புக்குள்."

நான் அழுதேன். சாரதி ஆசனத்தில் இருந்து அழுதது அதுதான் முதல் தரம். நடுவர் அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை அணியின் காருக்குப் பக்கத்தில் கண்டேன். துவாயால் போர்த்தி இருத்தியிருந்தார்கள், நடுக்கம் நிற்கவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. பிறகு அணியினர் கூட்டிக்கொண்டு போகும்போது என் வானைக் கடந்து போனாள். போகிற போக்கில் மூடியிருந்த கதவில் உள்ளங்கையால் ஒருமுறை தட்டினாள். அடித்தாளா தட்டினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்று பார்க்கவில்லை, போய்விட்டாள்.

மாரி தொடங்கியபின் ஒரு நாள், டிப்போவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கழகத்து ஜேர்மன்காரனிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"அங்கிள், கொன்றாக்ட் போட்டாச்சு."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"கண்ணாடிக் கடைக்காரரிட்டப் போய் மன்னிப்புக் கேட்டார். இப்ப அவரும் அந்தக் கடைக்காரரும் சேர்ந்திருந்து பந்தயம் பாக்கினம்." சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அடுத்த முறையும் நீங்கள்தானே கடைசி வண்டி?"

"நான்தான்."

"சரி. அப்ப உங்களைக் காணமாட்டன்."

அடுத்த வருடமும் லீவு போட்டேன். அதே மலைகள், அதே வான். அணிகளுக்கு மட்டும் இந்த முறை வேறு ஹோட்டல். விளக்குமாற்றை யாரும் சொல்லாமலே பின்னால் கட்டியிருந்தார்கள், அது வழக்கமாகிவிட்டது. அதே நடுவர் அம்மா ஏறி இருந்து, பட்டியை மாட்டி, கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டார். தகரப் பெட்டியை மடியில் வைத்தார். பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

"கதவைப் பழுது பார்த்தாயிற்றா?"

"பார்த்தாயிற்று" என்றேன்.

முதல் நாள் ஒருவரை ஏற்றினோம், இரண்டாம் நாள் இரண்டு பேர். மலை நாட்களில் பின்தங்கியவர்களின் கூட்டத்துக்குப் பின்னால் போகும்போது ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். பச்சை மேற்சட்டை ஒன்றுகூட அதில் இல்லை. வானொலி அவளுடைய எண்ணை ஓரிரு முறை சொன்னது, எனக்கு எட்டாத தூரத்தில், முன்னால். கடைசி நாள் அந்தக் காட்டு வளைவில் நடுவர் அம்மா கேட்காமலே நான் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தேன். அங்கே ஒருவரும் இல்லை. றோட்டு காய்ந்து கிடந்தது.

பின்னேரம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மனைவி போன் எடுத்தாள்.

"என்னப்பா, அந்தப் பிள்ளையைக் கண்டியளோ?"

"காணேல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் காணேல்லையப்பா" என்றேன். சாரதி ஆசனத்தில் இருந்தபடியே சிரித்தேன். "அஞ்சு நாளும் நான் அவளைக் காணவே இல்லை."